அருங்காட்சியகத்திலும் குழந்தைகளுக்குத் திரையா?

அகல்விளக்கு:
சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்காக அருங்காட்சியகங்களில் குறும்படம் போடுகிறார்கள். ஐந்தாறு நிமிடப் படங்கள் சில, மொத்தம் அரை மணி நேரம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. திரை வீட்டிலேயே இருக்கிறது. திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் வீட்டில் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் என்ன சொன்னது? இரண்டு வயது ஆகும்வரை திரை முன் உட்காரவைக்க வேண்டாம், அதற்குப் பிறகு நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

மழைக்காகம்:
மூன்று வயதுக்காரருக்கு அரை மணி நேரம் அந்த வரம்புக்குள்தானே வருகிறது? வீட்டில் ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். இங்கே படம் முடிந்ததும் வெளிச்சம் வருகிறது, பக்கத்தில் அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள், "அந்தக் குருவி ஏன் திரும்பி வந்தது?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அப்புறம், அருங்காட்சியகத்துக்கும் அசையும் படத்துக்கும் பழைய உறவு உண்டு. சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895-இல் கட்டணம் வாங்கிப் படம் காட்டுவதற்கு மூன்று வருடம் முன்பே, 1892-இல், பாரிஸின் கிரேவான் மெழுகுச்சிலை அருங்காட்சியகத்தில் எமில் ரேனோ கையால் வரைந்த படங்களை அசையவைத்துத் திரையில் காட்டினார்.

அகல்விளக்கு:
ரேனோ காலத்தில் அசையும் படம் அபூர்வம். இன்று அப்படியா? அதோடு, இரண்டரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் நேரில் ஒருவர் செய்துகாட்டுவதிலிருந்து கற்கும் அளவுக்குத் திரையிலிருந்து கற்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறகு எதற்கு 'எல்லா வயதினரும் வரலாம்' என்ற அறிவிப்பு?

ஆவாரம்பூ:
இப்படிப்பட்ட திரையிடல்களுக்கு வேலை செய்பவள் நான். கைக்குழந்தையை யாரும் படம் பார்க்கக் கூட்டி வருவதில்லை. ஐந்து வயது அக்காவைக் கூட்டி வரும்போது தம்பியை எங்கே விடுவது? அதனால் விளக்கை முழுக்க அணைப்பதில்லை, ஒலியைக் குறைத்து வைக்கிறோம், கதவு திறந்தே இருக்கும், முன்னால் பாய், பின்னால் தாத்தா பாட்டிகளுக்கு நாற்காலி. எழுந்து ஓடினால் யாரும் முறைக்க மாட்டார்கள். எழுத்து படிக்காத வயது, வசனமில்லாத படங்களாகத் தேடுகிறோம். திடீர்ச் சத்தமும், அம்மாவைப் பிரியும் காட்சியும்தான் அவர்களை அழவைக்கும். பெரியவர்கள் நினைக்கும் பூதம் இல்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் முதலில் நாங்கள் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம்.

அகல்விளக்கு:
அக்கறை புரிகிறது. ஆனால் இதையே நல்ல நூலகமோ திரையரங்கமோ செய்யலாமே. அருங்காட்சியகம் செய்ய வேண்டுமென்றால் படத்துக்கும் அங்கிருக்கும் பொருளுக்கும் தொடர்பு வேண்டும். தவளைப் படம் என்றால் முதலில் தவளையைப் பார்த்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் கால் வலிக்கு ஓய்வு தரும் இருட்டறை, அவ்வளவுதான்.

மழைக்காகம்:
மூன்று வயதுக் கால்களுக்கு அந்த ஓய்வும் தேவைதான், அதைக் குறைவாகச் சொல்லாதீர்கள். அதைவிட, படத்தை ஏன் பொருளாகப் பார்க்க மறுக்கிறீர்கள்? களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்கும் ஐந்து நிமிடப் படத்தில், விநாடிக்கு 24 சட்டகம் (அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்கள்) என்றால் 7,200 சட்டகங்கள். பொம்மையின் ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு அப்படியே வைத்தாலும் 3,600 முறை கை அந்தப் பொம்மையைத் தொட்டிருக்கிறது. அந்தப் பொம்மையை வாசலில் வைத்துவிட்டுப் படத்தைக் காட்டினால், குழந்தை பார்ப்பது ஒரு கைவினைப் பொருளைத்தான்.

அகல்விளக்கு:
பொம்மையை வைப்பார்கள் என்றால் சரி, அந்தத் திரையிடலை ஏற்கிறேன். பல இடங்களில் வைப்பதில்லை, திரை மட்டும்தான். இரண்டு வயதுக்குக் கீழே இது தேவையில்லை என்பதை அறிவிப்பிலேயே எழுத வேண்டும் என்பதையும் விடமாட்டேன்.

ஆவாரம்பூ:
பொம்மை யோசனையை எங்கள் கூட்டத்தில் வைக்கிறேன். வயதை எழுதினால் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் அக்காவையும் கூட்டி வராமல் நின்றுவிடுவார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.