ஆத்தூர் வீட்டுக் குழு: கவிதாவும் மாப்பிள்ளையும் இப்போது எங்கே?

வியாழன்

ஈஸ்வரி அத்தை: கவிதா, எங்கே இருக்கிறீர்கள்? போளூர் தாண்டிவிட்டோம் என்று நேற்று மத்தியானம் போட்டதோடு சரி. போன் எடுக்கவில்லை என்று உன் அம்மா என்னைப் போட்டுப் பிடுங்குகிறாள்.

கவிதா: நன்றாக இருக்கிறோம் அத்தை. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற வழியில் ஒரு பெரியவர் சாமை அறுத்து முடித்த வயலில் கூடாரம் போட்டுப் படுத்தோம். அங்கே சிக்னல் வந்து வந்து போனது. இப்போது ஆலங்காயத்தில் இட்லி.

அம்மா: முன்பின் தெரியாதவர் வயலில் படுத்தீர்களா? கையில் காசு இல்லையா கண்ணு, லாட்ஜ் கிடைக்கவில்லையா?

பிரபு: பெரியம்மா, லாட்ஜ் கிடைத்தும் வயலில் படுப்பதற்குப் பெயர்தான் கேம்பிங் 😂

கவிதா: நீ சும்மா இரு பிரபு. அம்மா, சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்குள் ஒரு ஊரைப் பிடித்துவிடுகிறோம், அதில் மட்டும் கறாராக இருக்கிறோம், இருட்டிய பிறகு போய் நின்றால் யாராக இருந்தாலும் பயப்படத்தானே செய்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, இந்த மாதிரி கூடாரம் போட ஓர் இடம் வேண்டும், அடுப்பு இருக்கிறது, தண்ணீர் கேன் இருக்கிறது, காலையில் கிளம்பிவிடுவோம் என்று சொல்வோம். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன வேலை என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். இந்த ஊர்க் கடைக்கார அக்கா என் கழுத்தைப் பார்த்துத் தாலி இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் பேச்சையே எடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகிறதே, குழந்தை இல்லையா என்று அடுத்த கேள்வி.

ஈஸ்வரி அத்தை: அவர் கேட்டதில் என்ன தப்பு?

செந்தில்: 🙏

பிரபு: மாமா நைசாக ஒதுங்கிவிட்டார்.

மூர்த்தி சித்தப்பா: மாப்பிள்ளை, நீங்கள் படுத்தது பட்டா நிலமா, காப்புக்காடா? ஜவ்வாது மலையில் பாதை ஓரத்திலேயே வனத்துறை எல்லைக் கல் நிற்கும், அதைத் தாண்டிக் கூடாரம் போட்டால் அனுமதி இல்லாமல் நுழைந்த வழக்குத்தான். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் போனார்கள், மறந்துவிட வேண்டாம். தை பிறந்துவிட்டால் புல்லெல்லாம் காய ஆரம்பித்துவிடும். குளிருக்கு நெருப்பு மூட்டுகிறேன் என்று எதையும் செய்து வைக்காதீர்கள்.

செந்தில்: பட்டா நிலம்தான் சித்தப்பா, வரப்பு வரை அவரே நடந்து காட்டினார். நெருப்பே மூட்டவில்லை, கேஸ் அடுப்பு ஒன்றுதான், அதையும் கார் மறைவில் வைத்துத்தான் பற்ற வைத்தோம். காற்றுக்கு ஒரு காபி போடவே அரை மணி நேரம்.

கவிதா: தரை காய்ந்து இறுகிக் கிடந்தது. கூடாரத்தோடு வந்த முளைகள் எல்லாம் மெல்லிய அலுமினியம், இரண்டு அடியிலேயே வளைந்துவிட்டன. பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், வீட்டுக்குப் போய் மாட்டு முளை நாலும் கட்டையும் எடுத்து வந்து அவரே அடித்துக் கொடுத்தார். யானை இழுத்தாலும் வராது என்றார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாமையில் கொஞ்சம் விலைக்கு வாங்கிக்கொண்டோம், அதற்குக் காசு வாங்கினார்.

அம்மா: குளிர் எப்படி? ஸ்வெட்டர் எடுத்தாயா?

கவிதா: எடுத்தேன் அம்மா. குளிரைவிட ஈரம்தான் தொந்தரவு. விடியற்காலையில் கூடாரத்தின் உள்பக்கம் பூராவும் முத்து முத்தாக நீர், மேலிருந்து முகத்தில் சொட்டுகிறது. பனி என்று நினைத்தேன். இல்லையாம், எங்கள் மூச்சுக்காற்றே குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிறதாம், மேலே இருக்கிற வலைச் சன்னலை மூடவே கூடாது என்கிறார் இவர்.

பிரபு: அக்கா, காவலூர் வானாய்வகத்தில் தொலைநோக்கி பார்த்தீர்களா?

செந்தில்: வெளியிலிருந்துதான். பொதுமக்களைச் சனிக்கிழமைதான் விடுவார்களாம். 2.34 மீட்டர் கண்ணாடி, 1986இல் திறந்தது, வானியலாளர் வைணு பாப்பு பெயர் வைத்திருக்கிறார்கள். 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வயலில் தொலைநோக்கியே தேவையில்லை பிரபு. பெரியவர் வாயில் வெற்றிலையோடு அண்ணாந்து கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினார். சென்னையில் அந்த இடத்தில் எனக்கு ஒரு மங்கலான திட்டுக்கூடத் தெரிந்ததில்லை.

மூர்த்தி சித்தப்பா: செஞ்சி போகவில்லையா? போன வருஷம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள் என்று பேப்பரில் பார்த்தேன்.

செந்தில்: 2025 ஜூலை, மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து. முதல் நாளே ராஜகிரி ஏறிவிட்டோம், கவிதா என்னை முந்திவிட்டாள். அங்கே லாட்ஜில்தான் தங்கினோம். கோட்டை தொல்லியல் துறை கையில் இருக்கிறது, கூடாரப் பையைக் காரை விட்டு இறக்கவே இல்லை.

வெள்ளி

ஈஸ்வரி அத்தை: யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். காலைக்கடனுக்கு எங்கே போகிறாய் கவிதா?

பிரபு: நான் கிளம்புகிறேன்.

கவிதா: இரு, நீயும் படி. உன் மாமாவுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, எனக்குத்தான் நாளில் பாதித் திட்டம் இதை வைத்து. ஊத்தங்கரை, அரூர் மாதிரி ஊர் என்றால் பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, சீக்கிரம் போனால் சுத்தமாக இருக்கும். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்பது விதி, ஆனால் ஒரு பங்கில் சாவி மேனேஜரிடம் இருக்கிறது, மேனேஜர் தர்மபுரி போயிருக்கிறார் என்றார்கள். ஒரு கிராமத்தில் மகளிர் சுகாதார வளாகம் என்று பெரிதாக எழுதியிருந்தது, உள்ளே யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள். கடைசியில் கை கொடுப்பது வீடுகள்தான் அத்தை. இடம் கேட்கும்போதே அந்த வீட்டுப் பெண்ணிடம் இதையும் கேட்டுவிடுகிறேன், எங்கும் இல்லை என்று சொன்னதில்லை. நேற்று அரூர் பக்கம் ஒரு பாட்டி வெந்நீரே வைத்துக் கொடுத்தார்.

அம்மா: நல்ல மனுஷி.

ஈஸ்வரி அத்தை: இவ்வளவு பாடுபட்டு எதற்கு இந்த ஊர்சுற்றல்? ஏசி ரூம் போட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே.

கவிதா: ரூம் போட்டால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை அத்தை. சாவி வாங்கி, கதவைச் சாத்தி, போனில் சாப்பாடு சொல்லி, காலையில் கிளம்பினால் அந்த ஊரில் ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இருக்காது. அதைத்தான் வருஷா வருஷம் செய்துகொண்டிருந்தோம். இப்போது இடத்துக்கு ஒருத்தர், தண்ணீருக்கு ஒருத்தர், வழிக்கு ஒருத்தர் என்று போய் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கூச்சம்தான், இன்னும் போகவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது.

ஈஸ்வரி அத்தை: சரி சரி. தங்கத்தைக் கழற்றிப் பெட்டியில் வை.

மூர்த்தி சித்தப்பா: மாப்பிள்ளை, நாளைக்குக் கொல்லிமலை என்றால் சேந்தமங்கலத்திலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, ஆனால் அரசு பஸ் இறங்கினால் உரிமையெல்லாம் பேசாமல் ஒதுங்கி நில்லுங்கள், அது திரும்ப முழு ரோடும் வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதியில் தீய்ந்த வாடை அடிக்கும், நான் சாலை ஆய்வாளராக இருந்தபோது அந்த வாடையோடு ஓரம் கட்டி நின்ற வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

செந்தில்: சரி சித்தப்பா. இறங்கும்போது முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கலாம் என்று யோசனை.

மூர்த்தி சித்தப்பா: அதுதான் சரி. அப்படியே மல்லியக்கரை வழியாக ஆத்தூர் வந்துவிடலாம்.

சனி

பிரபு: அக்கா, பலாப்பழம்!

கவிதா: தை மாதத்தில் உனக்கு ஏதுடா பலாப்பழம்? இப்போது இங்கே மிளகுதான். [படம்]

கவிதா: நாங்கள் தங்குகிற தோட்டத்து வாசல். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்து வந்து தார்ப்பாயில் கொட்டியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறி மிதிக்கிறார்கள், மணி தனியாகக் காம்பு தனியாக உதிர்கிறது. பச்சையாக இருப்பது சில நாள் வெயிலில் கறுத்துச் சுருங்கிவிடுமாம். என்னையும் மிதிக்கச் சொன்னார்கள், உள்ளங்கால் இன்னும் எரிகிறது.

அம்மா: இரண்டு கிலோ வாங்கி வா. நன்றாகக் காய்ந்ததாகப் பார்.

மூர்த்தி சித்தப்பா: ஆகாய கங்கை போனீர்களா?

செந்தில்: போய் வந்தோம் சித்தப்பா. ஆயிரம் படிக்கு மேல் இறங்கி அருவியில் நின்றபோது ஒன்றும் தெரியவில்லை, திரும்ப ஏறும்போதுதான் முட்டி பேசியது. மேலே வந்ததும் அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தோம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையையும் பார்த்தாகிவிட்டது.

ஈஸ்வரி அத்தை: நாளைக்கு ஆத்தூர் வருகிறீர்கள்தானே? களத்தில் ஜவ்வரிசி மாவு காய்கிற வாடை கொஞ்சம் இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழி சொல்லியிருக்கிறேன்.

செந்தில்: வருகிறோம் அத்தை 🙏🙏

பிரபு: மாமா, போகும்போது அந்தக் கூடாரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் நண்பர்களோடு ஏற்காடு.

செந்தில்: எடுத்துக்கொள். முளை மட்டும் புதிதாக வாங்கிவிடு.

மூர்த்தி சித்தப்பா: ஊர் திரும்பும்போது பெரம்பலூர் பக்கம் போவதாக இருந்தால் சாத்தனூர் கல்மரப் பூங்காவை விட்டுவிடாதீர்கள். மரம் கல்லாகி 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, 12 கோடி வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். ஊர்க்காரர்களே எட்டிப் பார்ப்பதில்லை.

கவிதா: பார்க்கிறோம் சித்தப்பா. தோட்டத்துக்குள் போனால் சிக்னல் இருக்காது, நாளைக்குக் கீழே இறங்கியதும் கூப்பிடுகிறேன்.

ஈஸ்வரி அத்தை: எத்தனை மணிக்கு வருவீர்கள்? மத்தியானச் சாப்பாடா, ராத்திரியா?

ஈஸ்வரி அத்தை: கவிதா?

பிரபு: ஒரு டிக்தான் அத்தை, போய்ச் சேரவில்லை.

ஈஸ்வரி அத்தை: கோழிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்வது?