செயலி உட்காரும் இடத்துக்கு என்ன பெயர்?

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். தருமபுரியில் கணினி பழுதுபார்க்கிறேன். தாய்ப்பலகையில் செயலி (பிராசசர்) உட்காரும் சாக்கெட்டுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். 'பொருத்துவாய்' என்று ஒன்று புழங்குகிறது. ஆனால் வலைப்பின்னல் நிரலாக்கத்தில் வரும் சாக்கெட்டையும் அப்படியே எழுதுகிறார்கள். தவிர, வாய் என்றால் உள்ளே ஏதாவது நுழைய வேண்டும். 2004இல் வந்த எல்ஜிஏ 775 என்ற சாக்கெட் முதல் இன்டெல்லின் மேசைக்கணினிச் செயலிகளுக்கு நுழைவதற்கான கால்களே கிடையாது. அடியில் தட்டையான பொட்டுகள்தாம். ஊசிகள் பலகையின் பக்கம் போய்விட்டன. 'செயலிப்பீடம்' எனலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

தம்பி, பீடம் வடசொல் என்பது என் குறை அல்ல. பீடத்தில் ஏற்றிய சிலையை யாரும் கழற்றி மாற்றுவதில்லை, அதுதான் குறை. எங்கள் வீட்டில் கேழ்வரகு அரைத்த திருகை இன்னும் கிடக்கிறது. அடிக்கல்லில் முளை, மேல்கல்லில் குழி. நீங்கள் ஊசி என்பதை முளை என்றால் என்ன? சாக்கெட் 'முளைக்குழி' ஆகட்டும்.

தருமபுரியிலிருந்து:

ஐயா, முளையை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். முளைக்குழியும் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு அச்சாகப் பொருந்தும்: செயலியில் 1331 முளைகள், பலகையில் அவற்றுக்கான குழிகள். ஆனால் 2022இல் வந்த ஏஎம்5இல் அவர்களும் முளைகளைப் பலகைக்கு மாற்றிவிட்டார்கள், 1718 முளைகள். அங்கே குழி எங்கே? அவை திருகை முளை போல விறைத்து நிற்பவையும் அல்ல. சாய்ந்து நின்று அமுங்கிக் கொடுப்பவை. ஒன்று வளைந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியும் தையல் ஊசியுமாக என் அரை நாள் போய்விடும்.

யோசித்ததில் 'மணை' தோன்றியது. அரிவாள்மணை, துருவுமணை வரிசையில் செயலிமணை. உட்காரலாம், எழுந்தும் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தச் செயலி எந்த மணைக்கு ஆகும் என்று சொல்லும்போது 'பொருந்தும்' என்ற ஒரே சொல் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. பாலக்கோட்டுக்காரர் ஒருவர் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலிக்கான பலகையில் எட்டாம் தலைமுறை ஐ3 செயலியைத் தாமே மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டும் எல்ஜிஏ 1151. செயலி உட்கார்ந்தது, கைப்பிடி படிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் இருட்டு. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைப் பலகை வேண்டும். சும்மா இருந்த சில முளைகளுக்கு அதில் மின்சாரம் கொடுக்கும் வேலை வந்துவிட்டது. பத்துப் பொருத்தமும் பார்த்து மணையில் உட்காரவைத்தும் குடித்தனம் நடக்காத கதைதான். ஆகவே உட்கார்ந்தால் 'பொருத்தம்', இயங்கினால் 'இணக்கம்' என்று பிரிப்போம். ஏஎம்4இலும் இது தேவை. 2017ஆம் ஆண்டுப் பலகையில் ஏஎம்டி பின்னால் வெளியிட்ட ரைசன் 5000 செயலி பொருந்தும். பலகையைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்தால்தான் இணங்கும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

இணக்கத்துக்கு என் வாக்கு. மணையும் நன்று. ஒரே அச்சம், இரண்டு சுழியில் எழுதிவிட்டால் 'செயலிமனை'. கிருஷ்ணகிரி சாலை நெடுக வீட்டுமனை விளம்பரம். உங்கள் கடைக்கு யாராவது அளவு நாடாவோடு வந்து நிற்பார்.

தருமபுரியிலிருந்து:

வரட்டும் ஐயா. நேற்று ஒரு விலைப்பட்டியலில் 'செயலிமணை: ஏஎம்4' என்று மூன்று சுழியையும் அழுத்தியே எழுதினேன். வாங்க வந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "மணை மட்டும் தனியாக என்ன விலை?" என்று கேட்டார்.