வெள்ளத்தில் மூழ்கிய வைஸ்: மூன்று வாரமாக எண்ணெய் விட்டும் அசையவில்லை, உதவி தேவை

ஏரல்காரன்

அனைவருக்கும் வணக்கம். அப்பா தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தார். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது தாமிரபரணி எங்கள் கடைக்குள்ளும் வந்துவிட்டது. கழுத்தளவு தண்ணீர். வடிந்தபிறகு சாமான்களை அள்ளிக்கொண்டுவந்து வீட்டுப் பின்கட்டில் குவித்தோம். அதன்பிறகு யாரும் தொடவில்லை. அப்பாவும் கடையைத் திறக்கவில்லை.

இப்போது நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பானர்கள் தேறிவிட்டன. மேசையில் பூட்டி, இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளை இறுக்கிப் பிடிக்கும் பெரிய வைஸ் மட்டும் மசிய மறுக்கிறது. நாலு அங்குலத் தாடை, வார்ப்பிரும்பு. இரண்டு விரற்கடை திறந்த நிலையில் நின்றுவிட்டது. துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் இரவில் அடித்துவிட்டுக் காலையில் முயல்கிறேன். மூன்று வாரமாகிறது, இரண்டு டப்பா தீர்ந்துவிட்டது. நேற்று கைப்பிடியில் நாலடிக் குழாயைச் செருகி இழுத்ததில் கைப்பிடிதான் வளைந்தது. அப்பா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

எந்த எண்ணெய் வாங்குவது? அசிட்டோனோடு (நகப்பூச்சு அழிக்கும் திரவம்) ஏ.டி.எஃப். (தானியங்கி கியர் வண்டிகளுக்கு ஊற்றும் எண்ணெய்) கலந்தால் எதுவும் கழன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று: அங்கேயே கிடக்கும் பழைய சைக்கிளில் இடப்பக்க பெடலும் கழலவில்லை. அதற்கும் அதே எண்ணெய்தான் விட்டுவருகிறேன்.

சம்மட்டி

டீசலில் ஒரு நாள் ஊறப்போட்டு, எட்டு பவுண்டு சம்மட்டியால் நாலு போடு போடுங்கள். வராமல் எங்கே போகும்?

பீளமேடு லேத்

தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். வார்ப்பிரும்பு எஃகு மாதிரி வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். தாடை உடைந்த வைஸை எடைக்குத்தான் போட வேண்டும். அதே காரணத்தால் கேஸ் டார்ச்சையும் அதன் உடம்பில் காட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினாலும் விரிசல் விழும்.

மரைக்குள், அதாவது திருகின் வரிகளுக்குள், நடப்பது இதுதான். இரும்பு துருவாகும்போது பருமன் கூடுகிறது. மரை இடுக்கிலோ இடமே கிடையாது. ஆகவே துரு ஆப்பு அடித்தது போல இறுகி நிற்கிறது. துரு இளக்கும் எண்ணெய் என்பது மிக நீர்த்த எண்ணெய், அவ்வளவுதான். விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறதல்லவா, அதுபோல அந்த இடுக்கில் தானே இழுபட்டுப் போகும். இஞ்சின் ஆயில் தடிப்பு, உள்ளே நுழையாது. டபிள்யூடி-40ஐப் பலர் இதற்கென்றே பிறந்த எண்ணெய் என்று நினைக்கிறார்கள். 1953இல் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருப்பதற்காக உருவாக்கியது அது. ஈரத்தை விலக்குவதுதான் அதன் வேலை. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதைக் குறிக்கிறது. லேசாகப் பிடித்திருந்தால் அதுவே போதும்.

அசிட்டோன், ஏ.டி.எஃப். சரிபாதிக் கலவையை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாகவே ஊடுருவும். ஆனால் இரண்டும் ஒட்டி நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். பெயிண்ட்டை உரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அசிட்டோன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும். அந்த அறையில் பீடிகூடக் கூடாது.

நீங்கள் செய்யாமல் விட்டது தட்டுவது. எண்ணெய் விட்டபின் திருகுத்தண்டின் (கைப்பிடி மாட்டியிருக்கும் நீளத் திருகு) தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் நூறு முறை லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துருவுக்குள் எண்ணெய்க்கு வழி திறக்கும். பிறகு கழற்றும் பக்கம் மட்டும் இழுக்காமல் முதலில் கொஞ்சம் முறுக்குங்கள், பிறகு கழற்றுங்கள், மறுபடி முறுக்குங்கள். நூலளவு ஆடினாலும் போதும்.

பெடலுக்கு வேண்டுமானால் சூடு காட்டலாம். 12 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் விரியும். அதில் துருவின் பிடி விட்டுப்போகும், எண்ணெய்க்கு அது தேரோடும் வீதி. ஆனால் எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டக் கூடாது. முதலில் சூடு, ஆறியபின் எண்ணெய்.

ஏரல்காரன்

நன்றி அண்ணாச்சி. நாலு நாள் நீங்கள் சொன்னபடியே தட்டினேன், முன்னும் பின்னும் முறுக்கினேன். ஒரு நூல்கூட அசையவில்லை. ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. விட்ட எண்ணெய் உள்ளே போகாமல் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. துடைத்த துணியில் துருவின் செம்மை இல்லை, சாம்பல் நிறத்தில் சகதி மாதிரி வருகிறது.

தையல்மிஷின் அக்கா

தம்பி, அது துரு இல்லை. சேறு.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து என் மிதி மிஷின் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. நானும் உங்களைப் போலத்தான் துரு, துரு என்று எண்ணெயாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். அது மண்ணோடு சேர்ந்து பசையாகி, சக்கரம் முன்பைவிட இறுகிவிட்டது. கடைசியில் ஷட்டில், பல்தகடு எல்லாவற்றையும் பிரித்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் பல் தேய்க்கும் பிரஷால் கழுவினேன். பார்த்தவர்கள் இரும்பில் தண்ணீர் விடுகிறாளே என்று சிரித்தார்கள். ஆனால் காய்ந்த களிமண்ணை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, அது வடிந்தபின் மிஷின் எண்ணெய் போட்டேன். இன்றைக்கும் அதில்தான் தைக்கிறேன்.

உங்கள் வைஸைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?

பீளமேடு லேத்

அம்மா சொல்வதுதான் சரி. சகதி என்று தம்பி எழுதியதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. தண்டு நுழையும் நட்டு, வைஸின் வயிற்றுக்குள் இருக்கிறது. நிமிர்த்தி வைத்து மேலே எண்ணெய் அடித்தால் அங்கே போய்ச் சேராது. மேசையிலிருந்து கழற்றிக் கவிழ்த்தால் அடியில் திறந்த பள்ளம் தெரியும். கழுவியதும் அன்றைக்கே காயவைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், ஈரத்தோடு இராத்திரி விட்டால் புதுத் துரு பூத்துவிடும்.

ஏரல்காரன்

கவிழ்த்தேன். பள்ளம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, மண் வைத்துப் பூசியது போல விளிம்புவரை வண்டல். அதற்குமேல் நான் விட்ட எண்ணெய் ஒரு தோலாகப் படிந்திருந்தது.

சைக்கிள் கம்பி ஒன்றின் முனையைத் தட்டையாக்கிக் குத்தி எடுத்தேன். முதலில் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வார்த்தது போல மரையின் வரிகள் அப்படியே பதிந்திருக்கின்றன. நடுவில் மிளகளவு நத்தை ஓடு ஒன்று. கம்பி எட்டாத இடத்துக்குச் சோப்புத்தூள் வெந்நீர். ஆறு வாளி ஊற்றியபிறகுதான் தெளிந்த தண்ணீர் வந்தது. மத்தியான வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது வைஸ். ஆறவிட்டு, கவிழ்த்தபடியே நட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டேன். இந்த முறை தேங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். வளைந்த கைப்பிடியைப் பிடித்து முறுக்கும் பக்கம் ஒரு அழுத்து, கழற்றும் பக்கம் ஒரு இழுப்பு. அப்படி ஏழெட்டு முறை. டக் என்று ஒரு சத்தம். பிறகு கால் சுற்று, அரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் செம்பழுப்பாகக் குழம்பு வழிந்தது. துருவும் இருக்கத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம்.

இப்போது தண்டு முழுதாக வெளியே வந்துவிட்டது. மரை தேயவில்லை. மறுபடி பூட்டும்போது அந்த எண்ணெயே போதுமா?

பீளமேடு லேத்

போதாது. அது நுழைவதற்கான எண்ணெய், நின்று வேலை செய்யாது, சில நாளில் உலர்ந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு மரைக்குக் கிரீஸ் தடவுங்கள். தாடை நகரும் தடத்துக்கு இஞ்சின் ஆயில் இரண்டு சொட்டு. கைப்பிடியைக் கொல்லரிடம் கொடுத்தால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தித் தருவார். குழாய் மாட்டுவதை இனி மறந்துவிடுங்கள்.

சம்மட்டி

வாழ்த்துகள். பெடல் என்ன ஆயிற்று? இடப்பக்க பெடலுக்கு இடது மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். எந்தப் பக்கமானாலும் பெடலிலிருந்து ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஏரல்காரன்

மூன்று வாரமாக அதை முறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பக்கம் தள்ளியதும் இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "நாலாம் வகுப்புப் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.