'நெடிற்பெயர்ச்சி': ஆங்கில உயிரொலி மாற்றத்துக்கு ஒரு பரிந்துரை

வணக்கம். ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் இடம் மாறியதை 'கிரேட் வவல் ஷிஃப்ட்' (Great Vowel Shift) என்கிறார்கள். அதற்கான தமிழ்க் கலைச்சொல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'பெரும் உயிரெழுத்து மாற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். மாறாமல் நின்றது எழுத்துதான். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சேறிய சொற்களின் எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துவந்த அதே காலத்தில் பேச்சு வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த மாற்றம் இது. தொல்காப்பியர் 'எழுத்து' என்றபோது ஒலியையும் சேர்த்தே சொன்னார். இன்று படிப்பவர் மனத்திலோ வரிவடிவம்தான் முதலில் வரும்.

உயிர்கள் எல்லாமே மாறிவிடவும் இல்லை. 'டிவைன்' என்பதில் பழைய ஈகாரம் ஐகாரமானது. 'டிவினிட்டி'யில் இகரம் குறிலாக இருந்ததால் தப்பித்தது. எனவே 'நெடில்' என்ற சொல் இல்லாமல் இந்தக் கலைச்சொல் நிற்காது. என் பரிந்துரை: நெடிற்பெயர்ச்சி.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து உச்சரிப்பை நம் எழுத்தில் எழுதிப் பாருங்கள். 'நாம' நேம் ஆனது, 'ஃபேட்' ஃபீட் ஆனது, 'டீம' டைம் ஆனது. 'மோன' மூன், 'ஹூஸ்' ஹவுஸ். ஆ→ஏ→ஈ→ஐ என்று ஒரு வரிசை, ஓ→ஊ→ஔ என்று இன்னொன்று. ஐ, ஔ இரண்டையும் மொழியியலார் கூட்டுயிர் (இரு உயிரொலிகள் இணைந்தது) என்று தனியே வைப்பார்கள். நம் இலக்கணம் அவற்றையும் நெடிலில் எண்ணுகிறது. ஆக, நம் ஏழு நெடில்களுக்குள்ளேயே முழுக் கதையும் அடங்கிவிடுகிறது! (இது தோராய வரைபடம்தான். அங்கே ஏகாரமும் ஓகாரமும் இரண்டிரண்டு வகை; 'ஸ்டோன்' என்பதன் இன்றைய ஓகாரம், வாயை அகலத் திறந்து சொன்ன மற்ற ஓகாரத்திலிருந்து வந்தது.) ஜெர்மன்காரர் இன்றும் ஆ, ஏ, ஈ என்று சொல்லும் எழுத்துகளை ஆங்கிலேயர் ஏ, ஈ, ஐ என்கிறார்கள். எழுத்துகளின் பெயர்களே பெயர்ந்துவிட்டன.

> பெயர்ச்சி என்றால் சோதிட வாடை வருகிறது. 'மாற்றம்' போதாதா?

இயற்பியல் பாடநூலில் 'இடப்பெயர்ச்சி' நெடுநாளாக இருக்கிறது அம்மா. ஓர் ஒலி இன்னொன்றின் இடத்துக்குப் போனது என்பதுதான் இங்கே முக்கியம்; 'மாற்றம்' அதைச் சொல்வதில்லை. 1909-இல் இதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டிய டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன், ஈயும் ஊவும் முதலில் விலகி மற்றவற்றை இழுத்தன என்று கருதினார். ஆஸ்திரியரான லூயிக், ஏயும் ஓவும் மேலேறி ஈயையும் ஊவையும் தள்ளின என்றார். பிரிட்டனின் வடக்கு வட்டார வழக்கு அவருக்குச் சான்று: அங்கே ஓகாரம் முன்பே வாயின் முன்பக்கம் போய்விட்டது, ஊகாரத்தைத் தள்ள ஆளில்லை, ஸ்காட்லாந்தில் இன்றும் 'ஹூஸ்' கேட்கலாம். இவ்விரு கருத்துகளுக்கும் இழுதொடர், தள்ளுதொடர் என்ற பெயர்களையும் முன்வைக்கிறேன்.

'பெரு' என்ற அடை வேண்டாம். 'பெருநெடில்' என்று ஒன்று இருப்பதாக மயக்கம் வரும். ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதையொத்த மாற்றங்கள் உண்டு என்பதால், தேவைப்படும் இடத்தில் 'ஆங்கில நெடிற்பெயர்ச்சி' என்று எழுதலாம். தேடுபவர்களுக்காக, சந்தி பிரித்த 'நெடில் பெயர்ச்சி' வடிவத்தையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.