நுண்முகவி: மைக்ரோபிப்பெட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வகத்தில் மிகச் சிறு அளவு திரவத்தை அளந்து எடுத்து விடும் கருவியான மைக்ரோபிப்பெட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை நுண்ணுறிஞ்சி, நுண்குழாயி, துளியளவி என்று மூன்று விடைகள் வந்திருக்கின்றன. ஆய்வக நுட்புநர் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்காகத் தமிழில் செய்முறைத் தாள் எழுதுகிறேன் என்பதால், மூன்றையும் அந்தத் தாளில் போட்டு வாசித்துப் பார்த்தேன். எனக்கு மூன்றிலும் நிறைவில்லை. நான் முன்வைப்பது நுண்முகவி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவியைப் பார்ப்போம், ஏனென்றால் நம்மில் பலர் அதைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். பேனா பிடிப்பதைவிடக் கொஞ்சம் முரட்டுப் பிடியாகப் பிடிக்கிற ஒரு தண்டு. மேலே கட்டைவிரலால் அழுத்தும் குமிழ். உள்ளே ஓர் உந்துதண்டும் சுருள்வில்லும். கீழே மாட்டிக் கழற்றிப் போடும் பிளாஸ்டிக் முனை. குமிழை அழுத்தினால் ஓர் இடத்தில் தட்டி நிற்கும், அது முதல் நிறுத்தம். அந்த நிலையில் முனையைத் திரவத்தில் சற்றே நனைத்து விரலை மெல்லத் தளர்த்தினால், குறித்த அளவு திரவம் முனைக்குள் ஏறும். வேறு குழாய்க்குக் கொண்டுபோய் மறுபடி அழுத்தினால் திரவம் இறங்கும். இன்னும் அழுத்தி இரண்டாம் நிறுத்தத்துக்குப் போனால் முனையில் தங்கிய கடைசிச் சொட்டையும் காற்று தள்ளிவிடும். திரவம் உந்துதண்டைத் தொடுவதே இல்லை, இடையில் எப்போதும் ஒரு காற்றுப் பத்தி இருக்கிறது.

இதில் பிசகினால் என்ன ஆகும்? இரத்தச் சர்க்கரை பார்க்க வழக்கமாக 10 மைக்ரோலிட்டர் ஊநீரை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், சீரம்) 1000 மைக்ரோலிட்டர், அதாவது 1 மில்லிலிட்டர், வினைப்பொருளோடு கலக்கிறோம். முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்ட ஊநீரைத் துடைக்காமல் விட்டு 10 என்பது 11 ஆகிவிட்டால், விடை ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடிவிடும். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 118 மில்லிகிராம் இருந்தவருக்கு 130 என்று தாளில் வரும். நீரிழிவுக்கான எல்லை 126. ஒரு மனிதர் நோயாளி ஆவதும் ஆகாததும் இந்த ஒரு மைக்ரோலிட்டரில் இருக்கிறது. மாணவர்கள் இந்தக் கருவியின் வேலையைப் பெயரிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு நிறுத்தம் ஏன் என்று தெரியாமல் "ஒரு தடவை அமுக்கி எடு, ரெண்டு தடவை அமுக்கி விடு" என்று மனப்பாடமாகச் செய்கிற பிள்ளைகள், எடுக்கும்போதே இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திவிடுகிறார்கள். அளவு கூடிப்போகிறது.

இனி உறிஞ்சி. இச்சொல்லின் மீது எனக்கு உண்மையான எதிர்ப்பு உண்டு. பழைய ஆய்வகங்களில் பிப்பெட்டை, அதாவது திரவம் அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயை, வாயால்தான் உறிஞ்சினார்கள். சிவப்பணு எண்ண உள்ளே சிவப்பு மணி வைத்த கண்ணாடிப் பிப்பெட், வெள்ளணு எண்ண வெள்ளை மணி வைத்தது, ஹீமோகுளோபின் பார்க்க 20 மைக்ரோலிட்டர் சாலி பிப்பெட். இவற்றில் ரப்பர் குழாய் மாட்டி, அதன் மறுமுனையை வாயில் வைத்து இரத்தத்தைக் குறி வரை இழுப்பார்கள். கவனம் தப்பினால் நோயாளியின் இரத்தம் வாய்க்கு வந்துவிடும். ஆய்வகப் பணியாளர்களுக்கு நோய் தொற்றிய வழிகளில் இது முக்கியமான ஒன்று. ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் 1957-இல் உந்துதண்டும் சுருள்வில்லும் கழற்றும் முனையும் கொண்ட பிப்பெட்டை உருவாக்கியதன் பெரும் பயனே வாய்க்கு வேலை இல்லாமல் போனதுதான். ஹாம்பர்க்கின் எப்பென்டார்ஃப் நிறுவனம் அதை 1961 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அளவை மாற்றிக்கொள்ளும் வகை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் கில்சன் கைவண்ணத்தில் வந்தது. வாயால் உறிஞ்சுவதை ஒழிக்க வந்த கருவிக்கு உறிஞ்சி என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்? இன்றும் ஆய்வகப் பாதுகாப்பு விதிகளில் முதல் வரிசையில் நிற்பது "வாயால் உறிஞ்சாதே" என்பது. அந்த வினைச்சொல் தடையின் சொல்லாகவே இருக்கட்டும்.

அதோடு உறிஞ்சியை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை அரங்கில் குருதியையும் சளியையும் இழுக்கும் கருவி இருக்கிறது, அது உண்மையிலேயே உறிஞ்சி.

குழாயிக்கு வருகிறேன். இலங்கையிலிருந்து எழுதிய நண்பர் இதை முன்வைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அங்கே பள்ளி வேதியியலில் பிப்பெட் குழாயிதான், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் அளவிதான், நாம் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) என்பதை அவர்கள் நியமிப்பு என்கிறார்கள். தேர்வுத்தாளில் நடமாடி, மாணவர் வாயில் பழகிய சொல். தமிழ்நாட்டுப் பாடநூல் பிப்பெட் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தமிழில் கணக்குப் போட்டுவிட்டார்கள். வேதியியல் கண்ணாடிப் பிப்பெட்டுக்குக் குழாயியைத் தமிழ்நாட்டிலும் எடுத்துக்கொள்ளலாம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் மருத்துவ ஆய்வகத்தில் அது இடிக்கிறது. அங்கே எல்லாமே குழாய். இரத்தம் எடுப்பது வெற்றிடக் குழாயில், ஊநீர் பிரிப்பது குழாயில், வினைப்பொருள் கலப்பது குழாயில். இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "குழாயியால் முதல் குழாயிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து இரண்டாம் குழாயில் விடவும்." குழாயி என்ற பெயரும் குழாயில் என்ற வேற்றுமை உருபு ஏற்ற சொல்லும் ஓர் ஒற்று வித்தியாசத்தில் நிற்கின்றன. கையெழுத்தில் அந்தப் புள்ளி விழவில்லை என்றால் போச்சு. நுண் என்ற முன்னொட்டு காப்பாற்றும் என்கிறீர்கள். பேச்சில் முன்னொட்டு தங்காது, "மைக்ரோபிப்பெட்" கூட ஆய்வகத்தில் "பிப்பெட்" ஆகத்தான் இருக்கிறது. மேலும் நுண்புழைக் குழாயை (கேப்பிலரி) சுருக்கி நுண்குழாய் என்று எழுதுவோர் உண்டு. அதுவும் அதே மேசையில், சிவப்பணு விழுக்காடு பார்ப்பதற்காக இருக்கும்.

துளியளவி கேட்க அழகு. ஆனால் துளி என்பது பெரிது. சொட்டுக் குழலிலிருந்து விழும் நீர்த்துளி ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர் இருக்கும், 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். நாம் 10 மைக்ரோலிட்டர் எடுக்கிறோம், துளியில் ஐந்தில் ஒரு பங்கு. அது சொட்டாது. முனையைக் குழாயின் உட்சுவரில் தொட வைத்துத்தான் இறக்க வேண்டும். துளி என்று பெயர் வைத்தால் அந்தரத்தில் சொட்டவிடத் தோன்றும், அது தவறான பழக்கம். அளவி என்ற பகுதியும் ஏற்கெனவே நெரிசலில் இருக்கிறது: இலங்கையில் பியூரெட், இங்கே திருகு அளவி, வெர்னியர் அளவி.

சரி, முகவி.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நால்வகை அளவை ஆகுபெயர் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். முகத்தல் அளவை என்பது திரவமும் தானியமும் மொண்டு அளப்பது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு என்று போகும் பழைய வாய்பாடு முழுக்க இந்த அளவைதான். கன அளவைக் குறிக்கத் தமிழில் ஆகி வந்த வினை இது. அளத்தல் என்ற பொதுச்சொல்லைவிடக் குறிப்பானது. எடுத்தல் என்பதைவிடவும் குறிப்பானது, ஏனென்றால் எடுத்தல் அளவை என்றால் எடை. நம் கருவியின் சரிபார்ப்பே இந்த இரண்டு அளவைகளையும் நேருக்கு நேர் வைப்பதுதான்: பிப்பெட்டால் முகந்த தூய நீரை நுண்தராசில் எடை போடுகிறோம், 20 பாகை வெப்பநிலையில் 1 மைக்ரோலிட்டர் நீர் ஏறக்குறைய 1 மில்லிகிராம். உந்துதண்டுப் பிப்பெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8655 தரமும் இப்படி எடை போட்டுப் பார்க்கும் முறையைச் சொல்கிறது.

சொல்லாக்கத்திலும் இடறல் இல்லை. அள என்ற வினையிலிருந்து அளவை, அளவி. அதே வாய்பாட்டில் நடக்கும் முக என்ற வினையிலிருந்து முகவை ஏற்கெனவே வந்திருக்கிறது, பீக்கருக்கு. முகவி வர வேண்டியதுதான் பாக்கி. துற என்பதிலிருந்து துறவி வந்தது போல, செய்பவரைக் காட்டும் விகுதி கருவிக்கும் ஏறி நிற்கிறது.

முகவைக்கும் முகவிக்கும் குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். குழாயிக்குச் சொன்ன குறையை இதற்கும் சொல்ல வேண்டுமே. நான் பார்ப்பது இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றனவா என்பதை. மருத்துவ ஆய்வகத்தில் பீக்கர் அபூர்வம், சாயம் கரைக்கும்போதும் கழுவும்போதும் வரலாம். குழாய் வராத வரியே இல்லை. வேற்றுமை உருபு ஏறும்போதும் முகவையில், முகவியில் என்று ஓர் உயிர்மெய் முழுதாக மாறுகிறது. இராமநாதபுரத்துக்கும் முகவை என்று பெயர் உண்டு, அது இங்கே குறுக்கே வராது. முகவர், முகம் என்று நினைவு போகுமே என்ற தயக்கம் நியாயம்தான். முதல் முறை கேட்பவருக்குப் போகும். "10 மைக்ரோலிட்டர் முகந்து" என்று அடுத்த வரியிலேயே வினை வரும்போது அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

இன்னொரு மறுப்பு தனிமடலில் வந்தது: முகத்தல் என்றால் பாத்திரத்தை முக்கி மொள்வது, உள்ளே ஏற்றுவது ஆகாது என்று. மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது என்று சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அங்கே பாத்திரம் ஏது? மேலே ஏற்றி, வேறோர் இடம் கொண்டுபோய், விடுவது: இந்த மூன்று செயலும் அந்த வினையில் முன்பே இருக்கின்றன. நம் கருவி செய்வதும் அவ்வளவே.

பெயரைவிட வினைதான் எனக்கு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பிப்பெட் பெயராகவும் வினையாகவும் ஓடுகிறது. நாம் "பிப்பெட் பண்ணு" என்கிறோம், அதில் எடுப்பதா விடுவதா என்றே தெரியவில்லை. முகந்து, விடு என்று இரண்டு வினை கையில் இருந்தால் செய்முறைத் தாள் தெளிவாகும். கெட்டியான திரவங்களுக்கு ஒரு முறை உண்டு. முகக்கும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, விடும்போது முதல் நிறுத்தத்தோடு நின்றுவிடுவது. மிச்சம் முனையிலேயே தங்கும். ரிவர்ஸ் பிப்பெட்டிங் என்ற ஆங்கிலப் பெயர் திருப்பிச் செய்வது என்று மட்டும் சொல்கிறது. மிகைமுகத்தல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதே பெயரில் வந்துவிடுகிறது. வழக்கமான முறைக்கு நேர்முகத்தல் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், நேர்முகம் வேலைக்கான நேர்காணலுக்குப் போய்விட்டது. வெறும் முகத்தல் போதும்.

மற்றவை: ஒரே அளவுள்ளது நிலையளவு முகவி, அளவு மாற்றக்கூடியது மாற்றளவு முகவி. 96 சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டுக்கு ஏற்ப எட்டோ பன்னிரண்டோ முனை கொண்டது பல்முனை முகவி. மஞ்சளும் நீலமுமாக வரும் டிப்புக்கு முனை, வடிகட்டி வைத்ததற்கு வடிமுனை, அதைத் தள்ளிக் கழற்றும் பொத்தான் முனைதள்ளி. தானியங்கிப் பகுப்பாய்விகளில் குழாய்க்குள் இறங்கி மாதிரி எடுக்கும் ஊசியை முகவியூசி எனலாமா என்று யோசிக்கிறேன், இதில் உறுதியாக இல்லை.

அதே தாளில் வரும் இன்னொரு கருவி, குழாய்களை வேகமாகச் சுழற்றி ஊநீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ். அதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. மையவிலக்கி இங்கும் மையநீக்கி இலங்கையிலும் புழங்குகின்றன, இரண்டும் புரிகின்றன, எதையும் மாற்ற வேண்டாம்.

பிப்பெட் என்றே விட்டுவிடலாமே என்று எழுதியவருக்கு: பேச்சில் விட்டுவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நானும் "முனையை மாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "பிப்பெட்டைக் குடு" என்கிறேன். எழுதும் தாளில், தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை ஒவ்வொரு படியையும் காரணத்தோடு வாசிக்க வேண்டிய இடத்தில், செயலைச் சொல்லும் சொல் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சியில், குழாயும் குழாயியும் ஒரே வரியில் வரும்போது எப்படி எழுதுகிறீர்கள்? ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பீர்கள் என்றால் அதை எழுதுங்கள். அது முகவியைவிடத் தெளிவாக இருந்தால் தாளை அப்படியே மாற்றி எழுதுகிறேன். அடுத்த குழு மாணவர்களுக்கு அச்சிடக் கொடுப்பதற்கு முன் முடிவு தெரிந்தால் நல்லது.