ஆர்ஃபியூஸ் திரும்பிப் பார்த்த கதை கிரேக்கமா, ரோமானியமா?

படிக்கட்டு கேட்டது:
பாம்பு கடித்து ஆர்ஃபியூஸின் மனைவி யூரிடிசி சாகிறாள், ஆர்ஃபியூஸ் பாதாளம் போய் யாழிசைத்து அவளை மீட்கிறான், வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறித் திரும்பிப் பார்த்து மறுபடி இழக்கிறான். மூலத்தைத் தேடினால் வெர்ஜில், ஓவிட் என்ற இரண்டு ரோமானியர்களிடமே போய் முடிகிறது. பழைய கிரேக்க நூல்களில் என்னதான் இருக்கிறது?

ஏட்டுப்பூச்சி:
கொஞ்சம்தான், அதுவும் ஒன்றுக்கொன்று முரண். கி.மு. 438இல் மேடையேறிய யூரிப்பிடிஸின் ‘அல்கெஸ்டிஸ்’ நாடகத்தில், "ஆர்ஃபியூஸின் குரல் எனக்கிருந்தால் உன்னை மீட்டு வந்திருப்பேன்" என்கிற பொருளில் சாகப்போகும் மனைவி அல்கெஸ்டிஸிடம் அரசன் அட்மீட்டஸ் பேசுகிறான். தோற்றவனை யாராவது இப்படி உதாரணம் காட்டுவார்களா? பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நேர் எதிர். காதலுக்காகச் சாகத் துணியாமல் உயிரோடு உள்ளே நுழைந்த கோழை என்று, தேவர்கள் அவனுக்கு மனைவியின் வெறும் உருவெளித்தோற்றத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டிலும் திரும்பிப் பார்ப்பது இல்லை. மனைவியின் பெயரும் நிலையாக இல்லை; கிரேக்கக் கவிஞர் ஹெர்மெசியனாக்ஸ் அவளை அக்ரியோப்பி என்கிறார்.

மறுகரை:
வெர்ஜிலையும் ஓவிடையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள், பெரும்பாலான சுருக்கங்கள் செய்யும் தப்பு அதுதான். தேனீ வளர்க்கும் அரிஸ்டையஸ் துரத்த, யூரிடிசி ஓடும் வழியில் பாம்பைக் காணாமல் மிதிப்பது வெர்ஜிலில். ஓவிடில் அரிஸ்டையஸே கிடையாது. புதுமணப்பெண் தோழிகளோடு புல்வெளியில் நடக்கும்போது கணுக்காலில் கடி.

இரண்டாம் சாவில் வேறுபாடு இன்னும் பெரிது. வெர்ஜிலின் யூரிடிசி "இது என்ன பித்து?" என்று புலம்பிக்கொண்டே மறைகிறாள். ஓவிடின் யூரிடிசி குறை சொல்வதே இல்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர அவன்மேல் என்ன குறை சொல்ல முடியும் என்று கவிஞரே கேட்கிறார் (எனக்கு ஓவிட்தான் பிடிக்கும்). துக்கக் கணக்கும் வேறு: வெர்ஜிலில் ஏழு மாதம், ஓவிடில் பாதாள ஆற்றங்கரையில் சோறு தண்ணியில்லாமல் ஏழு நாள். மேனாடுகள் என்னும் வெறியாட்டப் பெண்கள் அவனைக் கிழித்துப் போட்ட பிறகு பாதாளத்தில் இருவரையும் சேர்த்து வைப்பதும் ஓவிட்தான். இனி அவன் பயமில்லாமல் திரும்பிப் பார்க்கலாம்.

நிழல்:
அதற்காக, திரும்பிப் பார்ப்பது ரோமானியர் கற்பனை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இறந்தவர்களைப் பாதாளத்துக்கு அழைத்துப்போகும் தேவன் ஹெர்மிஸ், யூரிடிசி, ஆர்ஃபியூஸ் மூவரும் நிற்கும் புடைப்புச் சிற்பம் ஒன்றின் ரோமானியப் பிரதிகள் நேப்பிள்ஸிலும் லூவ்ரிலும் உள்ளன, மூலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி கிரேக்க வேலை. ஆர்ஃபியூஸ் அவள் பக்கம் திரும்பி நிற்கிறான், ஹெர்மிஸ் அவள் கையைப் பிடித்திருக்கிறான். இருவரும் இரண்டாம் முறை பிரியும் கணம் என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள். அது சரியென்றால் கதை வெர்ஜிலுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது.

இன்னொன்று, அல்கெஸ்டிஸையும் வீரன் ஹெராக்கிளிஸ் பாதாளத்திலிருந்து மீட்டதாக எழுதுகிறார்கள். யூரிப்பிடிஸில் ஹெராக்கிளிஸ் பாதாளம் போகவேயில்லை. கல்லறையருகே பதுங்கியிருந்து மரணத் தேவன் தானடோஸை மடக்கிப் பிடிக்கிறான்.