வார்னர் பிரதர்ஸ் பழைய படங்கள்: எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

இளவேனில்:
வார்னர் பிரதர்ஸ் படங்கள்ல முக்கியமானதை மட்டும் 1927-லேருந்து வரிசையா பார்க்கலாம்னு இருக்கேன். மூணு குழப்பம். ஒரே படத்துக்கு ரெண்டு மூணு நீளம் போட்டிருக்காங்க: ‘தி ஷைனிங்’ 119 நிமிஷம்னும் இருக்கு, 144-ன்னும் இருக்கு. ‘பிளேட் ரன்னர்’ எத்தனை பதிப்புன்னே தெரியல. அடுத்தது, சில படத்துக்கு இடமும் வலமும் கறுப்பு, சிலதுக்கு மேலயும் கீழயும். ‘தி டார்க் நைட்’ ப்ளூரேல பட அளவு நடுநடுவே மாறுது, டிவி கோளாறா? கடைசியா, ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ டிஸ்க் உறையில வார்னர் முத்திரை, ஆனா படம் தொடங்கும்போது சிங்கம் உறுமுது. அதைச் சேர்க்கலாமா, வேண்டாமா?

படச்சுருள்:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்: சேர்க்காதீர்கள். அது 1939-இல் எம்ஜிஎம் என்ற வேறொரு ஸ்டூடியோ எடுத்த படம், அந்தச் சிங்கம் அதன் முத்திரை. 1986-இல் டிவி நிறுவன அதிபர் டெட் டர்னர் எம்ஜிஎம்மை வாங்கி, கம்பெனியைக் கைமாற்றிவிட்டுப் பழைய படங்களின் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். 1996-இல் டர்னர் நிறுவனமே வார்னரின் தாய் நிறுவனமான டைம் வார்னரோடு இணைந்தது. அதனால்தான் எம்ஜிஎம் படங்கள் வார்னர் உறையில் வருகின்றன. இதில் வேடிக்கை, வார்னர் தன்னுடைய 1950-க்கு முந்தைய படங்களை 1956-இல் விற்றுவிட்டிருந்தது. ‘காசாபிளாங்கா’ உட்பட அவை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், எம்ஜிஎம், டர்னர் என்று கைமாறி, அதே 1996-இல்தான் வீடு திரும்பின. உறையைப் பார்க்காமல் படத்தின் தொடக்க முத்திரையைப் பாருங்கள். ‘கான் வித் த விண்ட்’, ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ இரண்டும் இந்தக் கணக்கில் வெளியே போய்விடும்.

நீளத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பில் ‘வெட்டிவிட்டார்கள்’ என்று முடிவு கட்டாதீர்கள். ஐரோப்பியப் பழைய டிவிடிகளில் நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படச்சட்டம்) ஓடும் படத்தை 25-ஆக ஓட்டுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் கொஞ்சம் உயரும். 102 நிமிட ‘காசாபிளாங்கா’ 98 நிமிடத்தில் முடிந்தால் ஒரு காட்சிகூடப் போகவில்லை என்று அர்த்தம். எனவே உறையில் உள்ள நிமிடத்தை 1.04-ஆல் பெருக்கி, மூல நீளத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் வேக வித்தியாசம், பொருந்தாவிட்டால் வெட்டு. ‘தி ஷைனிங்’ 119 உண்மையான வெட்டுதான். 1980-இல் அமெரிக்காவுக்கு வெளியே திரையிட இயக்குநர் குப்ரிக்கே சுருக்கினார். இரண்டுமே அவருடைய கை, ஆனாலும் முதல் முறைக்கு 144-ஐ எடுங்கள்.

‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ (1954) பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. முதல் திரையிடலில் 181 நிமிடம் ஓடியது, பிறகு ஸ்டூடியோ 154-ஆக வெட்டியது. 1983-இல் 176 நிமிடத்துக்குச் சீரமைத்தபோது ஒலி கிடைத்த சில இடங்களுக்குக் காட்சி கிடைக்கவில்லை. அங்கே பழுப்பு நிறப் புகைப்படங்களை வைத்திருக்கிறார்கள். வசனம் ஓட, படம் அசையாமல் நின்றால் டிஸ்க் சிக்கிவிட்டது என்று பிளேயரை அணைக்க வேண்டாம்.

கறுப்புப்பட்டை:
படத்தின் அகல உயரம் பத்தி நான் சொல்றேன். 1932-லேருந்து 1953 வரைக்கும் ஹாலிவுட் படம் பெரும்பாலும் 1.37:1, அதாவது உயரம் 1-ன்னா அகலம் 1.37. உங்க டிவி 1.78:1. இடம் வலம் கறுப்பு வரத்தான் செய்யும். அதை நிரப்புறேன்னு ஜூம் போட்டா மேல கீழ சேர்த்துக் கிட்டத்தட்ட கால் பங்கு உயரம் போயிடும். ‘42ண்ட் ஸ்ட்ரீட்’ (1933) படத்துல நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சியில வச்சு, நடனக்காரங்களை வட்டமா வச்சு எடுத்த ஷாட்ல பாருங்க, ஜூம் போட்டா வட்டத்தோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் காணாமப் போகும். ஜூமுக்குப் பதிலா ஸ்ட்ரெச் போட்டா வட்டம் முட்டையாயிடும்.

1955-ல வந்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’, ‘ரெபெல் விதவுட் எ காஸ்’ ரெண்டும் சினிமாஸ்கோப்ங்கிற அகலத்திரை முறை, 2.55:1. இப்ப வர்ற அகலத்திரை படத்தை விடவும் அகலம், அதனால மேல கீழ பட்டை கொஞ்சம் தடிமனாவே இருக்கும்.

‘தி டார்க் நைட்’ விஷயத்துல டிவி மேல குத்தமில்லை. வங்கிக் கொள்ளை மாதிரி சில பகுதிகளை ஐமேக்ஸ்ங்கிற பெரிய ஃபிலிம் கேமராவுல எடுத்தாங்க. அது ப்ளூரேல திரை முழுக்க வரும், மத்தது 2.40:1. அகலத்திரை போட்ட புரொஜெக்டர் வச்சிருக்கவங்களுக்குத்தான் தலைவலி: ஐமேக்ஸ் பகுதி திரைக்கு மேலயும் கீழயும் வழிஞ்சு சுவர்ல விழும்.

டிவியில மாத்த வேண்டியது: மோஷன் ஸ்மூத்திங் (டிவியே நடுவுல ஃப்ரேம் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்குறது) அணைக்கணும், இல்லேன்னா 1942 படம் நேத்து எடுத்த சீரியல் மாதிரி வழுவழுன்னு ஓடும். ஓவர்ஸ்கேன் அணைக்கணும், அது நாலு ஓரத்தையும் சத்தமில்லாம வெட்டும். பிளேயர்ல 24 ஹெர்ட்ஸ் வெளியீடு, அதாவது படத்தோட மூல வேகமான நொடிக்கு 24 ஃப்ரேம், போடணும். ஃபிலிம்மேக்கர் மோடு இருக்குற டிவின்னா முதல் ரெண்டையும் அதுவே பார்த்துக்கும்.

நிலாமுற்றம்:
‘பிளேட் ரன்னர்’ யாரும் தொடவில்லையே. 1982-இல் வந்ததில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரலும் ஒட்டவைத்த சுப முடிவும் உண்டு. அந்த முடிவில் வரும் மலைக்காட்சியே ‘தி ஷைனிங்’ படத்துக்கு எடுத்து மிஞ்சிய ஃபிலிம்தான்! 1992-இல் வந்த டைரக்டர்ஸ் கட் என்ற பதிப்பில் இரண்டையும் நீக்கி, ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவைச் சேர்த்தார்கள். 2007 ஃபைனல் கட் மட்டுமே ரிட்லி ஸ்காட் முழு அதிகாரத்தோடு முடித்தது. பறக்கும் காரைத் தொங்கவிட்ட கம்பிகள் மறைந்தன. பழைய பதிப்புகளில் ஸோரா என்ற பாத்திரம் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும்போது டூப் நடிகை என்று அப்பட்டமாகத் தெரியும். அங்கே அந்த வேடத்தில் நடித்த ஜொவானா காஸிடியின் முகத்தையே பொருத்தினார்கள். 2007-ஐப் பார்த்தால் போதும்.

படச்சுருள்:
போதாது, நிலாமுற்றம். வரிசையாகப் பார்க்கிறவர் 1982-இல் ரசிகர்கள் எதைப் பார்த்தார்கள் என்றும் தெரிந்துகொள்ள வேண்டாமா? முதலில் 2007, கொஞ்ச நாள் விட்டு 1982. 1992-ஐத் தாண்டிப் போகலாம். இதே கேள்வி ‘தி பிக் ஸ்லீப்’ படத்துக்கும் வரும்: 1945-இல் போர்வீரர்களுக்குத் திரையிட்டது ஒன்று, நாயகி லாரன் பகாலின் காட்சிகளைக் கூட்டி 1946-இல் வெளியிட்டது இன்னொன்று. கதை புரிய 1945, படத்தின் ருசிக்கு 1946.

இளவேனில்:
ரொம்ப நன்றி. அப்ப ‘தி ஜாஸ் சிங்கர்’லேருந்து தொடங்கிடலாம். பாதிப் படம் பேச்சே இல்லாம வசன அட்டையோட ஓடுதே, ஒலி விட்டுப்போன பிரதியா?

கறுப்புப்பட்டை:
இல்லங்க, படமே அப்படித்தான். பாட்டும் கொஞ்சம் பேச்சும்தான் ஒலியோட வரும், மத்த இடமெல்லாம் வாத்திய இசையும் வசன அட்டையும். முழுக்கப் பேசுற முதல் நீளப்படம் அடுத்த வருஷம் வந்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’, அதுவும் வார்னர்தான், ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்தப் படங்களுக்கு வார்னர் பயன்படுத்துன வைட்டஃபோன் முறையில ஒலி ஃபிலிம்ல கிடையாது, 16 அங்குல இசைத்தட்டுல தனியா ஓடும், ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஃபிலிம் அறுந்து 12 ஃப்ரேம் போச்சுன்னா, ரீல் முடியுற வரைக்கும் உதடு ஒரு பக்கம், குரல் அரை நொடி தள்ளி. அதனால ஆபரேட்டர்கள் போன ஃப்ரேமை எண்ணி, அதே அளவுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டணும். அந்தக் காலத் தட்டு ஒண்ணு சுமார் 20 தடவைதான் தாங்கும், அதுக்கு மேல புதுத் தட்டு மாத்தியாகணும். இப்ப சீரமைச்ச ப்ளூரேல ஒலியும் உதடும் சரியா சேரும். சேரலேன்னா பிளேயர்ல ஆடியோ டிலே எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு பாருங்க.